டிரம் தண்ணியில் ஒரு துறைமுகம்



போன மாதம் நம்ம ஃபிசிக்ஸ் லேபில் ஒரு கூத்து நடந்தது. மெட்ரோ வாட்டர் பிடிக்கிற நீல டிரம் ஒன்றில் முக்கால்வாசி தண்ணி. அதன் நீர்மட்டத்தை கம்ப்யூட்டர் தானாகவே அளந்து வரைபடம் போட வேண்டும். இதுதான் எங்க அறிவியல் மன்றத்தின் வேலை. எல்லாம் மாட்டி முடித்து ஓட விட்டோம். சோதனைக்காக ஒரு நண்பன் பத்து லிட்டர் வாளித் தண்ணியை டிரம்மில் மெதுவாக ஊற்றினான், உடனே அதே வாளியால் மொண்டு வெளியே எடுத்தான். மட்டம் நாலு சென்டிமீட்டர் ஏறி இறங்கியதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஆனால் திரையில்? ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு!

"ஒயர் லூசா இருக்கும் சார்" என்றோம். சார் சிரித்துக்கொண்டே, "ஒயர் சரியாத்தான் இருக்கு. நீங்க கம்ப்யூட்டரைத் தூங்க வச்சுட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது புரிய எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு, இந்த டிரம்முக்கும் நம்ம ஊர் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்பதும் தெரிந்தது. அதைத்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் எப்படி அளக்கும்?

கம்ப்யூட்டருக்கு தண்ணி தெரியாது, சூடு தெரியாது. அதுக்குத் தெரிந்தது எண் மட்டும்தான். அதனால் நடுவில் ஒரு உணரி வேண்டும், அதாவது சென்சார். உதாரணத்துக்கு எல்.எம்.35 என்ற சின்ன வெப்ப உணரி. பார்க்க மூணு கால் டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும். அறையில் 32 டிகிரி என்றால் 320 மில்லிவோல்ட். அந்த மின்னழுத்தத்தை ஆர்டுயினோ போர்டு எண்ணாக மாற்றும். 0 முதல் 5 வோல்ட் வரை உள்ளதை 1024 படிகளாகப் பிரித்து, இது எத்தனையாவது படி என்று சொல்லும். ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். அப்படியானால் அரை டிகிரிக்குக் குறைவான மாற்றம் அதன் கண்ணுக்கே தெரியாது! திரையில் 32.23 என்று இரண்டு தசம இடம் காட்டினாலும் நம்பாதீங்க. கடைசி எண்கள் வெறும் வகுத்தல் கணக்கில் வந்தவை.

எங்க டிரம்முக்கு வேறு உணரி. ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 என்று பெயர், ரெண்டு கண் வைத்த பொம்மை மாதிரி இருக்கும். ஒரு கண் நம்ம காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும், மறு கண் எதிரொலியைக் கேட்கும். போய் வர ஆன நேரத்தை வைத்து தூரம் கணக்கிடலாம். ஒன்பதாம் வகுப்பில் சோனார் படித்தோமே, அதேதான். டிரம்முக்குள் நாலு அங்குல பி.வி.சி. பைப்பை நிறுத்தி, அதன் மேல் வாயில் இந்த உணரியைக் கீழே பார்க்கும்படி கட்டினோம். (முதலில் ஒன்றரை அங்குல பைப்பில் வைத்தோம். பைப் சுவரில் பட்ட எதிரொலியையே கேட்டுக்கொண்டு, தண்ணி எங்கே இருந்தாலும் 7 செ.மீ. என்று சாதித்தது!)

கோடு போட்டு நிரல்

நிரல் என்றதும் பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஸ்கிராச் பற்றி வருகிறதே, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2007-ல் வெளியிட்டது, அது மாதிரி கட்டைகளை அடுக்கும் வேலைதான். நாங்கள் பயன்படுத்திய எம்-பிளாக்கும் ஸ்கிராச்சை வைத்துச் செய்ததே. நாங்கள் அடுக்கிய கட்டைகள் மொத்தம் நாலு. 'எப்போதும் செய்' என்ற பெரிய கட்டை. அதன் வயிற்றுக்குள் 'தூரம் படி', 'பட்டியலில் சேர்', 'காத்திரு'. அவ்வளவுதான்.

ஆனால் அளவீட்டுக்காகவே படம் வரைந்து நிரல் எழுதும் முறை ஸ்கிராச்சுக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. 1986-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் இருந்த நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் லேப்வியூ என்ற மென்பொருளை மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது. அதில் ரெண்டு ஜன்னல். ஒன்றில் மீட்டர், சுவிட்ச், வரைபடம் எல்லாம் நிஜக் கருவி மாதிரியே இருக்கும். இன்னொன்றில் பெட்டிகளும் அவற்றை இணைக்கும் ஒயர்களும். தசம எண் போகும் ஒயர் ஆரஞ்சு நிறம், முழு எண் என்றால் நீலம், ஆம்-இல்லை என்றால் பச்சை. ஒரு பெட்டிக்கு வேண்டிய எல்லா ஒயரிலும் தகவல் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பெட்டி வேலை செய்யும். அரிசி, தண்ணி, அடுப்பு மூணும் வந்தால்தானே சோறு வேகும், அது மாதிரி. சுவிட்சர்லாந்து எல்லையில் செர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள் முடுக்கியில் கூட, துகள் கற்றையைச் சீவி ஒழுங்கு பண்ணும் தாடைகளை நகர்த்த லேப்வியூ பயன்பட்டிருக்கிறது.

நம்ம நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல முயற்சி இருக்கு. டெல்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர், ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தின் கீழ் எக்ஸ்ப்ஐஸ் என்ற சின்னப் பெட்டியை உருவாக்கியது. கை அகலம்தான். யு.எஸ்.பி.யில் செருகினால் ஆசிலாஸ்கோப், வோல்ட் மீட்டர், அலை உண்டாக்கி எல்லாம் அதிலேயே. அதன் பிந்தைய வடிவமான எக்ஸ்ப்ஐஸ்-17-ல் படிகள் 4096. வரைபடங்களும் மென்பொருளும் திறந்தவை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், செய்யலாம். மேல்நாட்டுக் கருவி வாங்க முடியாத கல்லூரிகளையும் பள்ளிகளையும் மனசில் வைத்துச் செய்தது என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை.

சரி, நேர்கோடு ஏன் வந்தது?

'காத்திரு' கட்டையில் நாங்கள் போட்டிருந்த எண் 60. அதாவது ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு நிமிடம் தூக்கம். நண்பன் ஊற்றி எடுக்க ஆனது 40 விநாடி. கம்ப்யூட்டர் கண் விழித்தபோது தண்ணி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அது பொய் சொல்லவில்லை. பார்க்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது டிரம் விளையாட்டு இல்லை என்பதற்கு ரெண்டு வருடங்களைச் சொல்கிறேன்.

முதல் வருடம் 1881. அந்த டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே பெரிய நிலநடுக்கம். அதனால் எழுந்த சுனாமி வங்கக் கடலைக் கடந்து நம்ம கரைக்கும் வந்தது. மெட்ராஸ் உட்படப் பல துறைமுகங்களின் ஓத அளவிகள் அதைப் பதிவு செய்தன. அலை சின்னது, இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தக் காலத்தில் ஏது கம்ப்யூட்டர்? கிணறு மாதிரி ஒரு குழாய்க்குள் மிதவை. மிதவையோடு கம்பி, கம்பியின் மறுமுனையில் எழுதுகோல், கடிகாரம் சுற்றும் உருளையில் காகிதம். எழுதுகோல் காகிதத்தை விட்டு எழவே எழாது. அதனால் நடுவில் என்ன வந்தாலும் கோட்டில் விழுந்துவிடும். நூறு வருடத்துக்கு மேல் கழித்து அந்தக் காகிதங்களை வைத்தே விஞ்ஞானிகள் அந்த நிலநடுக்கத்தைக் கணக்கிட்டார்கள்!

இரண்டாவது வருடம் எல்லாருக்கும் தெரியும், 2004. நம்மில் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஆனால் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் அந்த நாளைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. டிசம்பர் 26 காலை 6.28-க்கு சுமத்ரா அருகே நிலம் ஆடியது. ஆழ்கடலில் மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் வேகத்தில் வந்த அலை, ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் சென்னையைத் தொட்டது. என் நண்பனின் தாத்தா அப்போது கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தாராம். டிரம் கதையைக் கேட்டுவிட்டு, "இன்னா நைனா, டிரம்மு தண்ணிய அளக்க கம்பூட்டரா?" என்று முதலில் கிண்டல் பண்ணினார். அப்புறம் அவரே சொன்னார்: "கடலு உள்ள வாங்கிட்டுத்தான் வரும்னு எல்லாரும் சொல்றாங்க. அன்னிக்கு இங்க மொதல்ல ஏறுச்சுடா. வாங்குனது அப்புறந்தான்."

சாரிடம் கேட்டோம். தாத்தா சொன்னது சரி. சுமத்ராவுக்குக் கிழக்கே தாய்லாந்து பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது. மேற்கே இருக்கும் நம்ம கரைக்கு முதலில் வந்தது ஏற்றம். இந்தியத் துறைமுகங்களின் ஓத அளவிகளும் அதையே காட்டின. கடல் வாங்கினால்தான் ஓடணும் என்று நினைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இது உயிர் விஷயம்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். சாதாரண ஓதம் ஏறி இறங்கி மறுபடி ஏற சுமார் 12 மணி 25 நிமிடம். சென்னையில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர். இதை அளக்க மணிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், அழகான வளைவு கிடைக்கும். ஆனால் சுனாமி அலை ஒரு சுற்று முடிக்க சில பத்து நிமிடங்கள்தான். மணிக்கு ஒரு தடவை பார்க்கும் நிரல் ரெண்டு பார்வைக்கு நடுவே மொத்த அலையையும் கோட்டை விடலாம், எங்க வாளித் தண்ணி மாதிரி. அதனால்தான் 2007-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய சுனாமி முன்னெச்சரிக்கை மையத்துக்குத் தகவல் அனுப்பும் ஓத அளவிகள் நிமிடக் கணக்கில் கடலைப் பார்க்கின்றன.

விட்டுப் போவது ஒரு ஆபத்து. இல்லாததைக் காட்டுவது அதைவிட மோசம். சினிமாவில் வேகமாகப் போகும் கார் சக்கரம் பின்னாடி சுத்துவதைப் பார்த்திருக்கீங்களா? கேமரா விட்டு விட்டுப் படம் பிடிப்பதால் வரும் மாயம். கடலிலும் அதேதான். 10 விநாடிக்கு ஒரு தடவை வரும் சாதாரண அலையை 11 விநாடிக்கு ஒரு தடவை பாருங்கள். ஒவ்வொரு முறையும் அலையின் கொஞ்சம் தள்ளிய பாகம் மாட்டும். புள்ளிகளைச் சேர்த்தால் 110 விநாடி நீளமான ஒரு பெரிய அலை வந்து நிற்கும். கடலில் அப்படி ஒரு அலையே கிடையாது! கிராஃப் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. ஒரு அலையைப் பிடிக்க வேண்டுமானால், அது ஒரு சுற்று முடிப்பதற்குள் ரெண்டு தடவைக்கு மேல் பார்த்தாக வேண்டும் என்பது விதி. நாலைந்து தடவை என்றால் இன்னும் நல்லது.

அப்படியானால் சின்ன அலைகளை என்ன செய்வது? அதுக்குத்தான் அந்த பைப். அடியில் மூடி, பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. வெளியே தண்ணி எவ்வளவு தளும்பினாலும் உள்ளே மட்டம் மெதுவாகத்தான் மாறும். 1881-ன் கிணறும் இதே தந்திரம்தான். எந்த நிரலும் இல்லாமல் ஓட்டையே வடிகட்டி. ஆனால் ஓட்டையை ரொம்பச் சின்னதாகப் போட்டால் வேண்டிய அலையும் அடங்கிவிடும். நாங்கள் பேனா ரீஃபில் அளவில் போட்டோம், வாளித் தண்ணி உள்ளே தெரியவே இல்லை. பிறகு சுண்டு விரல் அளவுக்குப் பெரிதாக்கினோம்.

கட்டைக்குள் ஒளிந்திருக்கும் 58

'காத்திரு' எண்ணை 5 ஆக்கியதும் வாளித் தண்ணி அழகாகத் தெரிந்தது. கைதட்டல்! ஆனால் மறுநாள் புதுப் பிரச்சினை. யாரும் தொடாத தண்ணி, காலையில் இருந்து மதியத்துக்குள் கொஞ்சம் ஏறியதாக வரைபடம் சொன்னது. வெயிலில் தண்ணி குறையுமா, ஏறுமா?

'தூரம் படி' கட்டையைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். உணரி கொடுப்பது தூரம் இல்லை, நேரம். அந்த மைக்ரோ விநாடிகளை 58-ஆல் வகுத்து சென்டிமீட்டர் என்று சொல்வதுதான் இந்த மாதிரி நிரல்களில் வழக்கம். 58 என்பதன் அர்த்தம், ஒலி விநாடிக்கு சுமார் 345 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வது. ஆனால் ஒலியின் வேகம் காற்றின் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரியில் சுமார் 346 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352. தண்ணி உண்மையில் 100 செ.மீ. கீழே இருக்கிறது என்று வையுங்கள். காலை 25 டிகிரியில் நிரல் 99.5 என்கும், மதியம் 35 டிகிரியில் 97.8 என்கும். தண்ணி அசையவே இல்லை, கம்ப்யூட்டர் மட்டும் 1.7 செ.மீ. ஏறிடுச்சு என்று அடித்துச் சொல்லும்!

1.7 செ.மீ. பெரிய விஷயமா என்று கேட்கலாம். உலகத்தின் சராசரி கடல் மட்டம் வருடத்துக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர்தான் உயருகிறது. நாலைந்து வருடக் கடல் உயர்வை எங்க டிரம் ஒரே மதியத்தில் காட்டிவிட்டது. இதை யாராவது எண்ணூர் முகத்துவாரத்தில் நட்டு வைத்து அறிக்கை எழுதினால் என்ன ஆகும்? நிஜ ஓத அளவிகளில் இப்போது ரேடார் வைப்பது இதனாலும்தான். ரேடியோ அலையின் வேகம் காற்றின் சூட்டில் அனேகமாக மாறாது. எங்களிடம் ரேடார் இல்லை. எல்.எம்.35-ஐ பைப் வாயில் கட்டி, வெப்பத்தைப் படித்து, ஒலி வேகத்தைக் கணக்கிடும் கட்டைகளைச் சேர்த்தோம். நாலு கட்டை ஒன்பது ஆனது. மதிய ஏற்றம் அடங்கியது.

கட்டை நிரலில் எனக்குப் பிடித்ததும் பயமுறுத்துவதும் ஒன்றுதான். உள்ளே இருப்பதை மறைத்து வேலையைச் சுலபமாக்குகிறது. மறைத்ததில் ஒரு 58 இருந்தால் நாம் பார்க்கவே மாட்டோம்.

இன்னொரு சின்ன விஷயம். உணரி சில சமயம் கிறுக்குப் பிடித்த மாதிரி ஒரு எண் தரும். ஒரு தடவை ஐந்து அளவுகள் 41, 41, 42, 41, 357 என்று வந்தன. சராசரி போட்டால் 104.4. அப்படி ஒரு மட்டம் டிரம்மில் இருக்கவே முடியாது. வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் 41. அதனால் சராசரிக்குப் பதில் நடு எண். அப்போ ஒரு நண்பன், "திடீர்னு மாறுற எல்லா எண்ணையும் தூக்கிப் போடச் சொல்லிடலாமா சார்?" என்றான். சார் உடனே, "சுனாமியும் திடீர்னுதாண்டா மாறும்" என்றார். அண்டார்டிகா மேலே ஓசோன் குறைந்ததை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1985-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே செயற்கைக்கோளில் அந்தக் குறைந்த எண்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நம்ப முடியாத அளவுக்குக் குறைவு என்று நிரல் அவற்றுக்குச் 'சந்தேகம்' குறி போட்டு வைத்திருந்ததாம். எங்க நிரலில் இப்போது எதையும் தூக்கிப் போடுவதில்லை. பச்சை எண்கள் ஒரு பட்டியலில், நடு எண்கள் இன்னொரு பட்டியலில்.

கடைசியாக ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டோம். காலையில் வந்து பட்டியலை வரைபடமாக்கினோம். ராத்திரி முழுக்க கோடு சமமாக வந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் விடியற்காலை 5.40-க்கு மட்டம் திடீரென்று நாலு செ.மீ. இறங்கி, அப்படியே நின்றது. பச்சை எண்களைப் பார்த்தோம், கிறுக்கு எண் எதுவும் இல்லை. வெப்பமும் மாறவில்லை. பைப்பில் ஒழுகல் இல்லை. நாலு செ.மீ. என்றால் சரியாக ஒரு பத்து லிட்டர் வாளி.

வாட்ச்மேன் அண்ணாவிடம் போய்க் கேட்டோம். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "குழாய்ல தண்ணி வரல தம்பி, மூஞ்சி கழுவ ஒரு பக்கெட் எடுத்தேன். அதுக்குள்ள யாரு சொன்னா?" என்றார்.